மேகத்தினூடே இறங்கும்போது



1947ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10ஆந் திகதி, இரத்மலானையிலிருந்து புறப்பட்ட ஒரு சிறு விமானம் காங்கேசன்துறைக்கு அண்மையிலுள்ள பலாலியில் இறங்கி, அங்கிருந்து பாக்கு நீரிணையைக் கடந்து சென்னையை அடைந்தது. எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் அதுவே. டக்ளஸ் டீ.ஸீ.-3 வகையைச் சேர்ந்த அவ்விமானத்தின் பெயர் 'சீதா தேவி'. அதனுடன் சேவைக்கு வந்த மற்றை இரண்டும் 'விகாரமகா தேவி', 'சுனேத்திரா தேவி' எனப் பெயர் பெற்றிருந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பிரித்தானிய வான்படையினர் தம் தேவைக்கென அமைத்த பலாலி ஓடுபாதை, அந்நாள் முதல் குடாநாட்டு மக்களுக்கு வெளியுலகின் வாயில்களுள் ஒன்றாயிற்று.

எயார் சிலோனின் கடைசி ஆண்டுகளில் நான் சிறுவன். எங்கள் வளவுக்கு அப்பாலிருந்த பனங்கூடலின் மேலாக அந்தக் காலத்து 'அவ்ரோ' விமானம் தாழ்ந்து வரும்போது, கிணற்றடியில் நிற்கும் பெரியவர்கள் அதனைக் கொண்டே நேரம் கூறுவர். மாரிக்காலத்தில் விமானம் கண்ணுக்குத் தெரியாது. இரைச்சல் மட்டுமே கேட்கும். சிறிது நேரத்திற் சாம்பல் நிற மேகத்தைப் பிளந்துகொண்டு அது வெளியே வரும். ஒருநாள் அவ்வாறு அது வெளிப்பட்டபோது என் பாட்டனார் அண்ணாந்து பார்த்துவிட்டு, "முகிலுக்குள்ளே நிற்கிறவனுக்கு நிலம் எங்கேயென்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார். விடை கூற அங்கு எவரும் இருக்கவில்லை. அந்தக் கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதற்குச் சரியான விடை தெரிவதற்கு முன்னர் உலகம் பல நூறு உயிர்களை விலையாகக் கொடுத்தது. நம் தாயகத்திலும் அயலிலும் கொடுத்த விலையும் அதில் அடங்கும்.

போர்க்காலத்தில் நம் வானில் ஆயுதங்களால் வீழ்த்தப்பட்ட விமானங்களின் கதை வேறு. அது இவ்வுரையின் பொருளன்று. பழுதற்ற இயந்திரங்களுடன், பயிற்சி பெற்ற விமானிகளின் கையில், இறங்குவதற்கென வந்த விமானங்கள் நிலத்தில் மோதிய வரலாற்றையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், மேகத்துள் இருக்கும் விமானி எவற்றை நம்பி இறங்குகிறான் என்பதைச் சுருக்கமாகக் காண்போம். அவன் முன்னே மூன்று கேள்விகள் உண்டு. நான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறேன்? ஓடுபாதையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறேன்? எவ்வளவு விரைவாக இறங்குகிறேன்? உயரத்தைக் கூறுவது உயரமானி. காற்றின் அழுத்தத்தை அளந்தே அது உயரத்தைக் காட்டும். விமான நிலையத்தார் அறிவிக்கும் அன்றைய அழுத்த அளவை விமானி அதிற் பொருத்த வேண்டும். ஒரு மில்லிபார் பிழைத்தால் ஏறக்குறைய 30 அடி பிழைக்கும். தொலைவையும் திசையையும் நிலத்திலுள்ள வானொலி நிலையங்கள் உணர்த்தும். பெரிய விமான நிலையங்களிலோ, ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் ஓர் அலையும், இறங்கவேண்டிய சரிவைக் காட்டும் மற்றோர் அலையும் வானை நோக்கி அனுப்பப்படுகின்றன. அச்சரிவு வழக்கமாக மூன்று பாகை. அதாவது, ஒரு கடல் மைல் தொலைவுக்கு ஏறக்குறைய 300 அடி வீதம் விமானம் தாழும். இந்தக் கணக்கை நேயர்கள் மனத்திற் கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

இவற்றோடு ஒரு கட்டுப்பாடும் உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் இவ்வளவு உயரத்துக்குக் கீழே வரலாகாது என்ற எல்லை வகுக்கப்பட்டுள்ளது. இறுதி எல்லையை அடைந்த பின்னரும் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிடின், மறுபேச்சின்றி மேலெழுந்து செல்லவேண்டும். அந்த எல்லை 200 அடியாக இருக்குமிடத்தில், நிமிடத்துக்கு 700 அடி வீதம் தாழும் விமானத்துக்கும் தரைக்கும் இடையே உள்ள காலம் இருபது வினாடியிலுங் குறைவு. ஆகவே, ஒருவர் விமானத்தைச் செலுத்துகையில், மற்றவர் உயரத்தையும் தாழும் வேகத்தையும் பார்த்து உரக்கக் கூறவேண்டும் என்பது விதி.

நம் கடலோடிகளுக்கு இது புதிய செய்தியன்று. ஆழங்குறைந்த கடலில் மரக்கலம் செல்லும்போது, முன்னணியில் நிற்பவன் ஈயக் குண்டு கட்டிய கயிற்றை நீரில் இட்டு ஆழத்தை அளந்து, பின்னே சுக்கான் பிடிப்பவனுக்குக் கேட்குமாறு கூவுவான். சுக்கான் பிடிப்பவன் எத்துணைப் பழக்கம் உள்ளவனாயினும் அந்தக் கூவல் நிற்பதில்லை. அளவு தெரிந்தும் அளந்தவன் வாய்திறவாமல் இருந்தால் கலம் மணலில் ஏறும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். எயார் சிலோன் தொடங்கி இரண்டு ஆண்டுகள் கழிந்த நிலையில், 1949 டிசம்பர் 21ஆந் திகதி, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்ற 'சுனேத்திரா தேவி' திருச்சிராப்பள்ளியில் இறங்குகையில் விபத்துக்குள்ளாயிற்று. விமானம் மீண்டும் பறக்க இயலாதவாறு சேதமுற்றபோதிலும், அதிலிருந்த 24 பேரும் உயிர் பிழைத்தனர்.

அடுத்த ஆண்டு அதே டிசம்பரில், தமிழகத்தின் நீலகிரியில் நேர்ந்தது அவ்வாறு முடியவில்லை. 1950 டிசம்பர் 13ஆந் திகதி, பம்பாயிலிருந்து கோயம்புத்தூருக்கு வந்த ஏர் இந்தியாவின் டக்ளஸ் விமானம் கோத்தகிரிக்கு அருகில் மலையில் மோதியது. பயணிகள் 17 பேரும் பணியாளர் 4 பேரும், ஆக 21 பேரும் மாண்டனர். தாம் இருக்கும் இடத்தைப் பிழையாகக் கணித்தமையே காரணம் எனப்பட்டது.

அந்த 21 பேருள் ஒருவர் ஆபிரகாம் வால்ட் என்ற கணித அறிஞர். 1902இல், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசிற் பிறந்து, பின்னர் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் புள்ளியியற் பேராசிரியராக விளங்கியவர். இந்தியாவிற் சொற்பொழிவாற்ற வந்திருந்த அவரும் அவர் மனைவியும் அம்மலையில் உயிர்நீத்தனர். இதில் நெஞ்சை உறுத்தும் ஒரு முரண் உண்டு. உலகப் போரின்போது, குண்டு வீசிவிட்டுத் திரும்பிய விமானங்களில் எங்கெங்கே துளைகள் உள்ளன என்பதைக் கொண்டு, எங்கே கவசம் இடவேண்டும் எனக் கணிக்கும் பணி வால்டின் கைக்கு வந்தது. துளை மிகுந்த இடத்திலேயே கவசம் வேண்டும் என்று பலரும் எண்ணுவர். வால்டின் ஆய்வு வேறு வழியிற் சென்றது. துளைபட்டும் திரும்பி வந்தனவே இவை. திரும்பி வராத விமானங்கள் எங்கே அடிபட்டன என்று அல்லவோ கேட்கவேண்டும்? திரும்பி வந்தவற்றில் துளை காணாத இடமே உயிர்நிலை. அவ்வாறு ஆராய்ந்தவரே திரும்பி வராத ஒரு விமானத்தில் இருந்தார்.

வால்ட் கற்பித்த அந்தக் கேள்வியே விமான விபத்து விசாரணைகளின் அடிப்படை எனலாம். பத்திரமாக இறங்கிய ஆயிரம் பயணங்கள் நமக்கு அதிகம் கற்பிப்பதில்லை. அவற்றிலும் யாரோ ஒருவர் ஓர் எண்ணைக் கூறாமல் விட்டிருக்கலாம். ஒரு கருவியைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். நல்வினையால் ஒன்றும் நேராமற் போயிருக்கலாம். திரும்பி வராத பயணமே விடுபட்டதைக் காட்டிக்கொடுக்கிறது.

1971 டிசம்பர் 9ஆந் திகதி, மதுரையில் இறங்க வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் சின்னமனூருக்கு அண்மையில் உயர்ந்த நிலத்தில் மோதியது. நான் சிறுவனாய் நின்று பார்த்த அவ்ரோ இனமே அதுவும். பகல் வேளைதான், எனினும் பார்வைத் தெளிவு குன்றியிருந்தது. அதிலிருந்த 31 பேருள் 21 பேர் இறந்தனர். விமானப் பணியாளர் நால்வரும் அவருள் அடங்குவர். இயந்திரம் இயங்கிக்கொண்டே இருந்தது; இறங்கத் தொடங்கிய இடமே பிழை.

மூன்று ஆண்டுகளின் பின், உலகின் இரு கோடிகளில், ஒரே வாரத்தில், ஒரே பாடத்தைக் கூறும் இரண்டு விபத்துகள் நிகழ்ந்தன. ஒன்று அமெரிக்காவில்; மற்றையது நம் நாட்டில்.

1974 டிசம்பர் முதலாந் திகதி, டீ.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் போயிங் 727 விமானமொன்று வாஷிங்டனின் டலஸ் நிலையத்தை நோக்கி மேகத்தினூடே வந்துகொண்டிருந்தது. நிலையத்திலிருந்து 40 மைலுக்கும் அப்பால் இருக்கும்போதே, இறங்குமுறையைத் தொடங்கலாம் என்ற அனுமதி கிடைத்தது. விமானிகள் 1,800 அடியை நோக்கித் தாழ்ந்தனர். வழியிலிருந்த மலையில் மோதி 92 பேர் இறந்தனர். விசாரணையில் வெளிப்பட்டது இது: வழியில் மலை இருப்பின் கட்டுப்பாட்டாளர் அனுமதி தரமாட்டார் என விமானிகள் நம்பினர், அனுமதி தந்தபின் மலையைத் தவிர்ப்பது விமானியின் பொறுப்பு எனக் கட்டுப்பாட்டாளர் கருதினார். ஒரே சொல்லுக்கு இருவர் இரு பொருள் கொண்டனர். இதனினுங் கொடியது மற்றொன்று. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன்னர், வேறொரு நிறுவனத்தின் விமானம் இதே முறையில் இதே மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. ஏனைய நிறுவனத்தாரை அச்செய்தி எட்டவில்லை.

மூன்று நாட்கள் கழிந்தன. டிசம்பர் 4ஆந் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிய மார்ட்டின் எயார் டீ.ஸீ.-8 விமானம் கட்டுநாயக்காவை நோக்கி வந்தது. யாத்திரிகர் 182 பேர்; பணியாளர் 9 பேர். முதலில் 5,000 அடிக்கும், பின்னர் 2,000 அடிக்கும் இறங்க அனுமதி வழங்கப்பட்டது. விமான நிலையம் தென்பட்டதும் அறிவிக்குமாறு கூறப்பட்டது. அது தென்படவில்லை. மஸ்கெலியாப் பகுதியில், சப்தகன்னியர் மலைத்தொடரில், ஏறக்குறைய 4,355 அடி உயரத்தில் விமானம் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இப்போது, முன்னர் மனத்திற் கொள்ளச் சொன்ன கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு கடல் மைலுக்கு 300 அடி என்றால், 2,000 அடி உயரம் ஓடுபாதையிலிருந்து ஏழு கடல் மைல் அளவிலுள்ள விமானத்துக்கே பொருந்தும். மோதிய இடமோ நிலையத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கடல் மைல் தொலைவில் இருந்தது. மலைநாட்டைக் கடந்துவிட்டதாக விமானிகள் எண்ணினர். உண்மையில் அவர்கள் மலைநாட்டின் உள்ளேயே இருந்தனர். விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் காலநிலை ராடாரையும் சார்ந்து நிலையைக் கணித்தமை பிழையான பொருள்கோளுக்கு இடமளித்தது என விசாரணையாளர் முடிவு செய்தனர். எட்டாம் வகுப்பு மாணவன் கரும்பலகையிற் செய்யக்கூடிய கணக்கு அது. ஆயினும், நீண்ட கடற்பயணம் முடித்து, இரவில், இறங்கும் அவசரத்தில் இருக்கும் மனிதனுக்கு அதை நினைவூட்ட இன்னொரு குரல் வேண்டும்.

'இவை யாவும் மலைநாட்டுக் கதைகள். நம் குடாநாட்டில் விமானம் மோதுவதற்கு ஒரு குன்றுமில்லையே' என்று யாழ்ப்பாணத்து நேயர் ஒருவர் எண்ணக்கூடும். அவருக்காகவே அடுத்த நிகழ்ச்சியைக் கூறுகிறேன். கட்டுநாயக்காவும் நம் ஊரைப் போன்று கடலோரச் சமதரையே.

1978 நவம்பர் 15ஆந் திகதி இரவு, மக்காவிலிருந்து வீடு திரும்பும் இந்தோனேசிய யாத்திரிகர்களுடன், ஐஸ்லாந்து நாட்டு லொஃப்ட்லைதிர் நிறுவனத்தின் டீ.ஸீ.-8 விமானம் எரிபொருள் நிரப்புவதற்கும் பணியாளரை மாற்றுவதற்கும் கட்டுநாயக்காவில் இறங்க வந்தது. இடியும் மழையும் சூழ்ந்த வேளை. முன்னே ஓடுபாதையின் நடுக்கோட்டையும் சரிவையும் காட்டும் அலைகள் இருந்தன. விமானம் ஓடுபாதையை எட்டவில்லை. அதற்கு ஒரு மைலுக்குச் சற்று அதிகமான தொலைவில் இருந்த தென்னை, இறப்பர்த் தோட்டத்தில் வீழ்ந்து நொறுங்கியது. 262 பேரில் 183 பேர் உயிரிழந்தனர். யாத்திரையின் கடமையை நிறைவேற்றிவிட்டு, பிள்ளைகளையும் பேரர்களையும் காணப் புறப்பட்ட முதியவர்கள் பலர் நம் மண்ணில் மடிந்தனர். எட்டு நாட்களின் பின் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியமையால், நம்மவர் நினைவில் அந்நவம்பர் சூறாவளியின் மாதமாகவே பதிந்துவிட்டது.

இலங்கை விசாரணையாளரின் முடிவு தெளிவானது. வகுக்கப்பட்ட இறங்குமுறையை விமானிகள் கடைப்பிடிக்கவில்லை. உயரத்தையும் தாழும் வேகத்தையும் அறிவதற்கு இருந்த கருவிகள் அனைத்தையும் பார்த்துப் பயன்படுத்தவில்லை. குறித்த உயரங்களிற் கூறவேண்டிய அளவுகளைத் துணை விமானி கூறவில்லை. ஐஸ்லாந்து தரப்பினரோ வேறு காரணங்களை எடுத்துக்காட்டினர். நிலத்திலிருந்த வழிகாட்டிச் சாதனங்களின் குறைபாடு, கட்டுப்பாட்டாளர் தந்த தகவல், இடிமழையோடு கீழ்நோக்கி அறையும் காற்று ஆகியவற்றை அவர்கள் சுட்டினர்.

இவ்விரண்டு முடிவுகளுள் எது சரி எனத் தீர்ப்புக் கூறுவது ஒரு பள்ளி ஆசிரியனின் வேலையன்று. ஆயினும் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று கூறலாம். 'விமானியின் பிழை' என்ற தொடர் விசாரணையின் முடிவாக இருத்தல் ஆகாது. தொடக்கமாகவே இருத்தல் வேண்டும். இறந்தவன் மறுமொழி கூறான். ஆகவே அவன்மீது பழி சுமத்துதல் எளிது. அவன் ஏன் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்தவன் ஏன் கூறவில்லை, நிலத்தில் இருந்தவன் கூறியது எவ்வாறு விளங்கிக்கொள்ளப்பட்டது என்று தொடர்ந்து கேட்டால் அன்றி, அடுத்த விமானத்தைக் காப்பாற்ற இயலாது. கருவி பழுதுற்றிருந்தது என்று கொண்டாலும், ஒரு கருவி பொய் கூறும்போது அதனைக் காட்டிக்கொடுப்பது மற்றொரு கருவியும், அதனை வாசித்துச் சொல்லும் ஒரு குரலுமே.

நான் எடுத்துக் கூறிய உயிர்ச்சேதங்களுள், நம் வட்டாரத்தில் நேர்ந்த நான்கையும் நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். கோத்தகிரி, சின்னமனூர், சப்தகன்னியர் மலை ஆகிய மூன்றும் கார்த்திகை மாதத்தில். கட்டுநாயக்கா ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் வேளையில். நம் வயல்களுக்கும் கிணறுகளுக்கும் உயிரூட்டும் அதே மாரி, வானத்தில் வருபவனின் கண்ணை மறைக்கிறது. மாரியை நாம் மாற்ற முடியாது. மேகத்துள் இருப்பவர்களின் பழக்கத்தை மாற்றலாம். மனிதர் அதனை மாற்றியும் இருக்கின்றனர்.

மாற்றம் மூன்று வகையில் வந்தது. முதலாவது கருவி. கனடாவிற் பிறந்த டொன் பேற்மன் என்ற பொறியியலாளர், நிலம் நெருங்குவதை உணர்ந்து விமானிக்குக் குரல்கொடுத்து எச்சரிக்கும் சாதனத்தை உருவாக்குவதில் வாழ்நாளைச் செலவிட்டார். டலஸ் விபத்து நேர்ந்த அதே டிசம்பரில், பெரிய பயணிகள் விமானங்களுக்கு அச்சாதனத்தைக் கட்டாயமாக்கும் விதியை அமெரிக்க அரசு வெளியிட்டது. பிற்காலத்தில் அதனோடு உலகின் நிலவமைப்புப் படமே சேர்க்கப்பட்டது. இன்று மலை முன்னே நிற்பதை இருளிலும் அது முன்கூட்டியே கூறிவிடும்.

இரண்டாவது, தவறுகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை. ஆறு வாரங்களுக்கு முன் தப்பியவர்களின் செய்தி எல்லோருக்கும் எட்டியிருந்தால் அந்த 92 பேர் வாழ்ந்திருப்பர் அன்றோ? 1976இல் அமெரிக்காவில், நாசா நிறுவனத்தின் பொறுப்பில் ஓர் ஏற்பாடு தொடங்கப்பட்டது. விமானியோ கட்டுப்பாட்டாளரோ தமக்கு நேர்ந்த பிழையை அங்கே எழுதி அறிவிக்கலாம். எழுதியவர் பெயர் வெளியிடப்படாது. திரும்பி வந்தவர்களும் தம் பிழையைக் கூறத் தொடங்கினர். வால்டின் கேள்விக்குக் கிடைத்த விடைகளுள் இதுவும் ஒன்று.

மூன்றாவது மாற்றமே மிகக் கடினமானது. அது மனிதரின் நாவைப் பற்றியது. 1977 மார்ச்சு 27ஆந் திகதி தெனெரீஃப் தீவில், இரண்டு பெரும் விமானங்கள் பனிமூட்டத்தில் ஓடுபாதையிலேயே மோதின. 583 பேர் இறந்தனர். அது இறங்கும்போது நேர்ந்ததன்று, புறப்படும்போது நேர்ந்தது. எனினும் அதன் பாடம் இங்கும் பொருந்தும். புறப்பட்ட விமானத்தின் பொறியாளர், மற்றை விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என ஐயம் எழுப்பினார். தலைமை விமானி உறுதியான சொல்லால் அந்த ஐயத்தை ஒதுக்கினார். அவர் தம் நிறுவனத்திற் பெருமதிப்புப் பெற்றவர். அதற்குமேல் அங்கு எவரும் வற்புறுத்தவில்லை. இத்தகைய நிகழ்ச்சிகளை ஆராய்ந்தபின், விமானப் பயிற்சியில் ஒரு புதிய பாடம் இடம்பெறலாயிற்று. இளையவர் தம் ஐயத்தைத் தெளிவாகக் கூறவேண்டும். கேளாவிடின் மீண்டும் கூறவேண்டும். மூத்தவர் அதைக் குற்றமாகக் கொள்ளாது கேட்கவேண்டும். இதுவே அப்பாடத்தின் சாரம்.

நேயர்களே, இந்த மூன்றாவது பாடம் விமானிகளுக்கு மட்டும் உரியதன்று. என் அனுபவம் ஒன்றைக் கூற அனுமதியுங்கள். முன்னர் நான் பணியாற்றிய ஒரு பாடசாலையில், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கான விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கையொப்பம் இட்டு அனுப்பினேன். அனுமதி அட்டை வந்தபோது, சித்திரம் பயின்ற ஒரு மாணவிக்குச் சங்கீதம் என்று பதிவாகியிருந்தது. பிழை என்னுடையது. அதைத் திருத்துவதற்காக அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிய நாட்களில், அந்தப் பிள்ளை உறங்கவில்லை என்று அதன் தாய் என்னிடம் கூறியபோது தலைகுனிந்து நின்றேன். ஒருவாறு அது திருத்தப்பட்டது. பின்னர், பட்டியலை எழுதிய இளம் ஆசிரியை தயங்கித் தயங்கி ஒன்று கூறினார்: "அந்த இலக்கத்தில் எனக்கு அப்போதே ஐயம் இருந்தது, சேர். நீங்கள் பார்த்துக் கையொப்பம் இட்டபின் நான் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன்."

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. பெரியோர் முன் எதிர்த்துப் பேசாதே என்று அவருக்குக் கற்பித்தவர்கள் யார்? என்னைப் போன்ற ஆசிரியர்களே. பெரியோரைப் பேணுதல் நம் பண்பாட்டின் அணி. அதை நான் குறைத்துக் கூறவில்லை. ஆனால், பேணுதல் வேறு. பிழை கண்டும் பேசாதிருத்தல் வேறு. இடித்துரைக்கும் துணை இல்லாத மன்னன் பகைவர் இன்றியும் கெடுவான் என்பது நம் முன்னோர் அரசியலுக்குக் கூறிய நீதி. விமானத்திலே அந்த நீதி நிறைவேறுவதற்கு இருபது வினாடி போதும். அந்நாள் முதல், நான் கையொப்பம் இடும் பட்டியல் எதனையும் மற்றொருவர் எனக்கு உரக்க வாசித்துக் காட்டவேண்டும் என்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். முதலில் ஆசிரியர்கள் கூச்சப்பட்டனர். ஒருநாள் ஒருவர் வாசிப்பை நிறுத்தி, "இது பிழை, சேர்" என்றார். அவருக்கு எல்லோர் முன்னிலையிலும் நன்றி கூறினேன். அதன் பின்னர் கூச்சம் குறைந்தது.

பலாலிக்கு மீண்டும் வருவோம். நெடுங்காலம் பொதுமக்களின் வெளிநாட்டுப் பயணத்துக்கு அடைபட்டிருந்த அந்த வாயில், 2019 ஒக்டோபர் 17ஆந் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயருடன் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வந்த சிறு ஏ.ரீ.ஆர். விமானம் அங்கு இறங்கியது. பெருந்தொற்றினால் நின்றுபோன அச்சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிற்று. அதுவும் ஒரு மாரிக்காலமே. சீதா தேவி கடந்த அதே நீரிணையைக் கடந்து, எழுபத்தைந்து ஆண்டுகளின் பின், மருத்துவத்துக்குச் செல்பவரும் உறவினரைக் காணச் செல்பவரும் அவ்விமானத்தில் ஏறினர்.

மாரி நாளொன்றில் முகிலுக்கு மேலே இரைச்சல் கேட்கும்போது இப்பொழுதும் நான் அண்ணாந்து பார்க்கிறேன். பாட்டனாரின் கேள்விக்கு இன்று என்னால் விடை கூற இயலும். முகிலுக்குள்ளே தனித்து நிற்கும் ஒருவனுக்கு நிலம் எங்கே என்று தெரியாது. கருவிகள் கூறும், ஆனால் கருவி கூறுவதை ஒருவர் பார்த்து, மற்றவர் காதிற் படும்படி சொல்லவேண்டும், அவரும் அதைக் கேட்கவேண்டும். அவ்வாறு இருவர் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு வரும்போதே அந்த விமானம் மேகத்தைப் பிளந்துகொண்டு நம் பனைகளின் மேலாகப் பத்திரமாக இறங்குகிறது.